வெளிநாட்டுக்குத் தத்துப் போனவர்களின் வேர்த் தேடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1970, 80, 90-களில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஐரோப்பாவின் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குத் தத்துப் போன குழந்தைகள் இன்று பெரும்பாலும் முப்பதைக் கடந்தவர்கள், சிலர் ஐம்பதையும் கடந்தவர்கள். நெதர்லாந்து, ஸ்வீடன், டென்மார்க், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று பல நாடுகளிலிருந்து, பிறந்த இடத்தையும் பெற்றவளையும் தேடி இங்கே வருகிறார்கள். அப்படி வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகக் கூடவே போகிறவள் நான். கோர்ட், ஹோம், கிராமத்துத் திண்ணை என்று எங்கே உட்கார்ந்தாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தேடி வருகிறவர்கள் கேட்பதும் இருக்கிறது, இங்கே நம் ஆட்கள் கேட்பதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

நல்ல நாட்டுல, வசதியான வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இப்ப எதுக்கும்மா இந்தத் தேடல்?

நம் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் கேட்பது, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். நமக்கு அதற்குப் பதில் நாக்கு நுனியில் இருக்கிறது. அப்பா பெயர், தாத்தா பெயர், தெரு, குலசாமி என்று அடுக்கிவிடுவோம். இவர்களிடம் அந்தப் பதில் இல்லை. டாக்டரிடம் போனால், "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா, மார்பகப் புற்றுநோய் உண்டா?" என்று கேட்கிறார். தெரியாது என்று எழுதிக்கொடுக்க வேண்டும். சொந்தமாக ஒரு பிள்ளை பெற்ற பிறகுதான் தன் சாயலில் ஒரு முகத்தை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்ததாகச் சொன்ன பெண்கள் பலர்.

நல்ல சாப்பாடும் படிப்பும் கிடைத்ததை அவர்கள் யாரும் மறுப்பதில்லை. அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. "இவ்வளவு கிடைச்சும் திருப்தி இல்லையா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சிறு வயதிலிருந்தே அங்கே எல்லோரும் அதைத்தான் அவர்களிடம் கேட்டிருக்கிறார்கள்.

நம்ம ஊர்ப் பிள்ளைங்க அங்கே எப்படிப் போனாங்க?

இரண்டு பக்கமும் காரணம் உண்டு. ஐரோப்பாவில் கருத்தடை பரவி, திருமணமாகாத தாய்மாருக்கு அரசு உதவியும் கிடைக்க ஆரம்பித்ததும், அங்கே தத்துக் கொடுக்கக் குழந்தைகள் குறைந்துபோனார்கள். இங்கே வறுமை, கல்யாணத்துக்கு முன் கருவுற்ற அவமானம், அடுத்தடுத்துப் பெண் குழந்தை, கைவிட்ட கணவன். பெரும்பாலும் கிறிஸ்தவ இல்லங்களும் தொண்டு நிறுவனங்களும் குழந்தைகளை வாங்கி வளர்த்தன, அங்கிருந்து வெளிநாட்டு முகமைகள் வழியாகப் போனார்கள். அப்போது வெளிநாட்டவர் தத்தெடுக்க இந்தியாவில் நேரடிச் சட்டம் கிடையாது. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி கோர்ட்டில் பாதுகாவலர் ஆணை வாங்கி, குழந்தையை அழைத்துப் போய், தங்கள் நாட்டில்தான் தத்தை முடித்தார்கள். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

இதில் நடந்த கோளாறுகளைப் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே வழக்காகி, 1984-ல் நீதிபதி பகவதி விரிவான நெறிமுறைகள் வகுத்தார். அதன் தொடர்ச்சியாக 1990-ல் 'காரா' என்கிற மத்திய தத்துவள அமைப்பு வந்தது. நாடுகளுக்கிடையிலான தத்து பற்றிய ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2003-ல் இணைந்தது. ஆகவே ஒருவர் 1984-க்கு முன்னால் போனாரா, பின்னால் போனாரா என்பதைப் பொறுத்து அவருடைய கோப்பின் கனமே மாறும்.

இலங்கைக் கதை இன்னும் வேதனையானது. பெரும்பாலும் 1980-களில், ஐரோப்பாவுக்கு மட்டும் ஏறத்தாழ 11,000 குழந்தைகள் போனதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும் பங்கினர் சிங்களக் குடும்பங்களின் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. தத்து என்ற பெயரில் விற்கவே குழந்தைகளைத் திரட்டி வைத்த 'குழந்தைப் பண்ணைகள்' இருந்ததை 2017-ல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் அன்றைய இலங்கைச் சுகாதார அமைச்சரே ஒப்புக்கொண்டார்.

இப்பவும் வெளிநாட்டுக்கு அனுப்புறாங்களா?

அனுப்புகிறார்கள், ஆனால் ஆண்டுக்குச் சில நூறு பேர்தான். உள்நாட்டுப் பெற்றோருக்குத்தான் முதல் உரிமை. உடல்நலச் சிக்கல் உள்ள குழந்தைகள், கொஞ்சம் வளர்ந்த குழந்தைகள்தான் பெரும்பாலும் வெளியே போகிறார்கள். வாங்கும் நாடுகளிலும் காற்று மாறிவிட்டது. நெதர்லாந்தில் ஒரு விசாரணைக் குழு 2021 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை, பல நாடுகளிலிருந்து நடந்த தத்துகளில் கடுமையான முறைகேடுகளைக் கண்டது. இலங்கையும் அந்தப் பட்டியலில் உண்டு. உடனே அரசு வெளிநாட்டுத் தத்தை நிறுத்தி வைத்தது. 2024-ல் படிப்படியாக அடியோடு முடித்துக்கொள்வதாகவும் அறிவித்தது.

என் கையில் ரெண்டு பேப்பரும் ஒரு போட்டோவும்தான் இருக்கு. எங்கே ஆரம்பிக்கணும்?

விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால் உங்கள் நாட்டிலேயே ஆரம்பியுங்கள். அங்கே உங்களைக் கொண்டுவந்த முகமையின் கோப்பு, நீதிமன்றக் கோப்பு, குடியேற்றத் துறைக் கோப்பு, நகராட்சிப் பதிவு எல்லாம் தனித்தனியாக இருக்கும். வளர்த்தவர்கள் அந்தக் காலத்தில் எழுதிய கடிதங்களையும் வாங்கிய பதில்களையும் பரணில் தேடச் சொல்லுங்கள். இல்லத்திலிருந்து ஒரு சிஸ்டர் கைப்பட எழுதிய கடிதத்தில், அரசாங்கக் காகிதம் எதிலும் இல்லாத ஒரு ஊர்ப் பெயர் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இங்கே. முதலில் இல்லத்தின் சேர்க்கைப் பதிவேடு. அடுத்து கோர்ட். சென்னை என்றால் உயர் நீதிமன்றத்தில் அசல் மனு எண், ஆண்டு இரண்டும் வேண்டும், 'ஓ.பி. எண் இத்தனை, ஆண்டு இத்தனை' என்று ஆணையின் தலைப்பிலேயே இருக்கும். வெளியூர் என்றால் மாவட்ட நீதிமன்றம். மனுவோடு இணைத்த காகிதங்கள்தான் முக்கியம், ஆணை வெறும் முடிவுதான். கிறிஸ்தவ இல்லமாக இருந்தால் பக்கத்துப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்ததாக எழுதியிருந்தால் பிரசவ வார்டுப் பதிவேடு, மாநகராட்சிப் பிறப்புப் பதிவு இரண்டும் உண்டு. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் சில நாட்கள் சேர்த்துப் பாருங்கள். ஏன் என்பதற்கு அடுத்த பதில்.

பேப்பர்ல இருக்கிற பெயர், தேதி, ஊர் எல்லாம் உண்மைதானா?

பாதி உண்மை என்று வைத்துக்கொண்டு படியுங்கள். கண்டெடுத்த குழந்தையென்றால் பிறந்த தேதி டாக்டர் உடம்பைப் பார்த்துச் சொன்ன உத்தேசம். மாதத்தின் முதல் தேதியாக இருந்தால் அந்தச் சந்தேகம் கூடும். பெயர் பெரும்பாலும் இல்லத்தில் வைத்தது. ஆகவே அந்தப் பெயரைச் சொல்லிக் கிராமத்தில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பெற்றவள் வேறு பெயரில் கூப்பிட்டிருப்பாள்.

பெற்றவள் குழந்தையை இல்லத்திடம் கொடுத்ததாகச் சொல்லும் ஒப்படைப்புப் பத்திரத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். முத்திரைத்தாள், ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு பக்கம், "மனமுவந்து, எவருடைய வற்புறுத்தலும் இன்றி" என்ற பொருளில் ஒரு வரி, கீழே இடது கைப் பெருவிரல் ரேகை. ரேகைக்குப் பக்கத்தில் வேறொருவர் கையெழுத்தில் அந்த அம்மாவின் பெயர். படிக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்கு அந்த ஆங்கில வரியை யார் படித்துச் சொன்னார்கள், என்னவென்று சொன்னார்கள் என்பது எந்தத் தாளிலும் இருக்காது. "பிள்ளை படிச்சிட்டுத் திரும்பி வரும்னு சொன்னாங்க" என்று பெற்றவர்கள் சொல்லக் கேட்கும்போது அந்த ரேகைதான் எனக்கு ஞாபகம் வரும். சாட்சிக் கையெழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சாட்சி போட்ட ஆயா, வாட்ச்மேன், ஆஸ்பத்திரி ஊழியர் யாராவது இன்னும் உயிரோடு இருக்கலாம். நிறைய தேடல்கள் அவர்கள் வழியாகத்தான் நகர்கின்றன.

இலங்கைக் கோப்பு என்றால் கூடுதல் எச்சரிக்கை. கோர்ட்டில் தாயாக நின்றவர் பெற்றவராகவே இல்லாமல் கூலிக்கு நிறுத்தப்பட்டவராக இருந்த சம்பவங்கள் அங்கே பல. டி.என்.ஏ. பார்க்காமல் அங்கே எந்த உறவையும் உறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காது குத்தியிருக்கு, இடது தோளில் தழும்பு இருக்கு. இதை வெச்சு ஏதாவது சொல்ல முடியுமா?

தோள் தழும்பு அநேகமாகத் தடுப்பூசி போட்டது, பெரும்பாலும் காசநோய்க்கானது, இங்கே நிறைய குழந்தைகளுக்கு உண்டு. காது குத்தியது வீட்டிலா இல்லத்திலா என்று சொல்ல வழியில்லை. யாரோ ஒருவர் மடியில் உட்காரவைத்துக் குத்தியிருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

என் ஃபைலைப் பார்க்க எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கா?

இருக்கிறது. இந்தியத் தத்து விதிமுறைகளிலேயே வேர்த் தேடலுக்குத் தனி இடம் உண்டு. 18 வயது முடிந்த யாரும் நேரடியாகக் கேட்கலாம். காரா, மாநிலத் தத்துவள முகமை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, இல்லம் எல்லாம் உதவக் கடமைப்பட்டவை. விண்ணப்பம் எழுத்தில் இருக்கட்டும், பாஸ்போர்ட் நகல், தத்து ஆணை நகல், பழைய போட்டோ மூன்றையும் இணையுங்கள்.

இரண்டு வரம்புகள் உண்டு. பெற்றவர்களின் அந்தரங்கத்தை மீறக்கூடாது. தன் விவரத்தைச் சொல்ல வேண்டாம் என்று ஒப்படைக்கும்போதே தாய் கேட்டிருந்தால், அவருடைய சம்மதம் வேண்டும். இன்னொன்று, உங்களுக்காக மூன்றாம் நபர் தேட அனுமதி இல்லை. என்னைப் போன்றவர்கள் கூட வரலாம், மொழிபெயர்க்கலாம், விண்ணப்பம் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் "வெள்ளத்தில் போச்சு", "கரையான் அரிச்சிடுச்சு" என்ற பதில்கள் வரும். சில சமயம் உண்மை. சில சமயம் இல்லை. எழுத்தில் பதில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பீரோ திறந்த இடங்கள் உண்டு. புனேயிலிருந்து ஜெர்மனிக்குத் தத்துப் போன அருண் டோலே தன் கோப்பைப் பார்க்க உச்ச நீதிமன்றம் வரை வழக்காட வேண்டியிருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்களின் பாதை அதனால் கொஞ்சம் எளிதானது.

டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தா அம்மா கிடைச்சிடுவாங்களா?

நேரடியாகக் கிடைப்பது அபூர்வம். கிராமத்து அம்மா யாரும் எச்சிலைக் குழாயில் துப்பி அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்ததில்லை. தரவுத்தளங்களில் இருக்கும் தமிழர்கள் பெரும்பாலும் அமெரிக்கா, இங்கிலாந்துவாசிகள், பிறகு தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ், ரீயூனியன் பக்கம் 19-ஆம் நூற்றாண்டில் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள். அவர்களோடு ஒரு தூரத்து உறவு தெரியும், அது வட்டாரத்தைக் காட்டலாம், வீட்டைக் காட்டாது. ஆனால் இன்னொரு கூட்டம் அங்கே இருக்கிறது. உங்களைப் போலவே தத்துப் போனவர்கள். வேறு வேறு நாட்டில் வளர்ந்த அண்ணன் தங்கை ஒருவரையொருவர் கண்டுகொண்டது அப்படித்தான். அதற்காகவே டெஸ்ட் எடுக்கலாம். ஒரு நிறுவனத்தில் எடுத்துவிட்டு, கோப்பை இறக்கிப் பதிவேற்றம் ஏற்கும் மற்ற தளங்களிலும் போட்டுவிடுங்கள்.

முடிவைப் படிக்கும்போது ஒரு விஷயம் கவனம். நம் பக்கம் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணமும், அக்கா மகளைக் கட்டுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. ஒரே மூதாதையரிடமிருந்து பல வழிகளில் மரபணு வந்து சேருவதால், மொத்தப் பங்கு கூடுதலாகத் தெரியும். கணினி "இரண்டாம் ஒன்றுவிட்ட சகோதரர்" என்று சொல்பவர் நிஜத்தில் இன்னும் தூரத்துச் சொந்தமாக இருப்பார். மொத்த எண்ணை நம்பாமல், ஒரே தொடராக வரும் மிக நீளமான துண்டு எவ்வளவு என்று பாருங்கள். துண்டு நீளமாக இருந்தால் உறவு கிட்டத்தது. சின்னச் சின்னத் துண்டுகள் நிறைய இருந்தால் பழையது. தாய்–பிள்ளை உறவில் மட்டும் குழப்பமே வராது, ஏறக்குறைய 3,400 சென்டிமார்கன் (மரபணுத் துண்டுகளின் நீளத்தை அளக்கும் அலகு) பங்கு நேராகத் தெரிந்துவிடும். இங்கே ஒருவரைக் கண்டுபிடித்த பிறகு உறுதி செய்ய டெஸ்ட் நூறு சதவீதம் பயன்படும்.

என்னைத் திருடி வித்திருப்பாங்களோ?

இந்தப் பயம் பலருக்கு உண்டு, ஆதாரமில்லாத பயமும் அல்ல. சென்னையில் நடைபாதையில் தூங்கிய குழந்தைகளைத் திருடித் தத்து நிறுவனத்துக்கு விற்ற வழக்கு 2005-ல் வெளியே வந்தது. பிள்ளைகள் நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா வரை போயிருந்தார்கள். பிறகு அது சி.பி.ஐ. விசாரணைக்குப் போனது. காணாமல் போன பிள்ளைக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் அலைந்த ஏழைத் தாய் தகப்பன்கள் இருந்தார்கள்.

எல்லாக் கோப்பும் அப்படி இல்லை. சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள் சில உண்டு: கண்டெடுத்த இடம் பற்றிப் போலீஸ் கடிதம் இல்லாதது, ஒரே கையெழுத்தில் பல தாய்மார்களின் பத்திரம், மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குத் 'தாய் தகப்பன் தெரியாது' என்று எழுதியிருப்பது. பேசத் தெரிந்த குழந்தைக்கு ஊர்ப் பெயர் தெரியாமல் இருக்கலாம், அம்மா பெயர் தெரியாமலா இருக்கும்? இப்படி இருந்தால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

நான் என்ன ஜாதி?

தேடி வருகிறவர்கள் இதைக் கேட்பது, நாம் அவர்களிடம் கேட்பதால்தான். கிராமத்தில் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதற்குள், "என்ன ஆளுங்களாம்?" என்று என்னிடம் ரகசியமாக விசாரித்துவிடுகிறார்கள்.

கோப்பில் சில சமயம் தாயின் ஜாதி எழுதியிருக்கும். கண்டெடுத்த குழந்தையென்றால் இருக்காது, முகத்தையும் நிறத்தையும் பார்த்து யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, ஆதரவற்று இல்லங்களில் வளரும் குழந்தைகளுக்கென்றே ஒரு தனி இனம் உண்டு. பெற்றோர் ஜாதி தெரியாத பிள்ளைக்கும் அரசு ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறது, அவ்வளவு நியாயம் போதும் எனக்கு. தேடலுக்கு ஊர், தெரு தெரிய ஜாதி உதவும் என்றால் அதைத் தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கேயும் வெளியாள், இங்கேயும் வெளியாள். அப்போ நான் யாரு?

வளர்ந்த ஊரில் எப்படி இருந்தது என்று அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அப்பா அம்மாவோடு கடைக்குப் போனால் எல்லோரும் கொஞ்சுவார்கள். பதினாறு வயதில் தனியாக அதே கடைக்குப் போனால் காவலாளி பின்னாலேயே வருவான். பள்ளியில் ஒரே பழுப்பு நிறப் பிள்ளை. குளிக்கும்போது தோலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்ததைப் பல பேர் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அதைப் பேச முடியாது. "எங்களுக்கு நிறமே தெரியாது, நீ எங்கள் பிள்ளை" என்பார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். பாசம் இருந்தால் போதும் என்றுதான் முகமைகளும் அவர்களுக்குச் சொல்லியனுப்பின. ஆனால் தெருவுக்கு நிறம் தெரியும். தெருவில் பட்டதை வீட்டில் சொல்ல முடியாத பிள்ளை தனியாகிவிடுகிறது.

இங்கே வந்தால் வேறு மாதிரி. முதல் நாள் கூட்டத்தில் கரைந்துபோகிற சந்தோஷம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்டக்டர் தமிழில் கேட்கிறார், பதில் வராவிட்டால் "தமிழ் தெரியாத மாதிரி நடிக்குது பாரு" என்கிறார். மதுரை மீனாட்சி கோயிலில் ஒருமுறை, அப்படித் தேடி வந்த ஒரு பெண்ணின் டச்சுக் கணவரை அம்மன் சன்னதிக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள், இந்து அல்லாதவர் போகக் கூடாது என்று. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஞாயிறு தோறும் சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவள். உள்ளே போய் மற்றவர்களைப் பார்த்துக் கைகூப்பினாள், குங்குமம் வாங்கிக்கொண்டாள், வெளியே வந்து தூணோரம் உட்கார்ந்து அழுதாள். உள்ளே விட்டதற்காக அழுகையா, அவரை விடாததற்காகவா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். தமிழராக இருப்பதற்குப் பரீட்சை எதுவும் கிடையாது, நீங்களாக ஒன்றை வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ரீயூனியன் தீவில் தமிழ் பேசத் தெரியாத தமிழ் வம்சத்தார் இன்றும் தீ மிதிக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். சேலை கட்டப் பிடித்தால் கட்டுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். இங்கே வந்துபோன பிறகு "நான் டச்சுக்காரிதான், இப்போது அது உறுதியாகத் தெரிகிறது" என்று நிம்மதியாகத் திரும்பியவர்களும் உண்டு. இன்னொரு நடைமுறை விஷயம்: இந்தியாவிலிருந்து போனவர் என்றால், பிறக்கும்போது இந்தியக் குடியுரிமை இருந்ததால், ஓ.சி.ஐ. என்கிற, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டைக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனால் விசா இல்லாமல் வந்து போகலாம், தங்கலாம். அந்த அட்டை கையில் வந்த அன்று ஒரு ஊருக்கு உரியவராக உணர்ந்ததாகச் சொல்கிறார்கள்.

தமிழ் ஒரு வார்த்தை வராது. இனிமேல் கத்துக்க முடியுமா?

முடியும். ஐந்து வயதில் போனவர்களுக்கும் ஒரு வருடத்துக்குள் மொழி மறந்துபோகிறது, அது இயல்பு. ஆனால் முழுக்க அழிந்துவிடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கைக்குழந்தையாக கொரியாவிலிருந்து நெதர்லாந்து போனவர்கள், வளர்ந்த பிறகு கொரிய ஒலிகளைப் பழகியபோது மற்ற டச்சுக்காரர்களைவிட நன்றாக உச்சரித்தார்கள் என்று 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இலக்கணப் புத்தகத்தில் ஆரம்பிக்காதீர்கள். சாப்பிட்டீங்களா, போதும், நல்லா இருக்கேன், அம்மா எங்கே என்று வீட்டில் புழங்கும் பேச்சில் ஆரம்பியுங்கள். தாயைப் பார்க்கும் நாளில் உங்களுக்கு வேண்டியது அதுதான்.

வளர்த்தவங்க மனசு நோகாதா?

சிலருக்கு நோகும். அதனாலேயே வளர்ப்புப் பெற்றோர் காலமான பிறகு வருகிறவர்கள் உண்டு, அதற்குள் இங்கே பெற்றவளும் போய்ச் சேர்ந்திருப்பாள். கூடவே வந்து ஹோம் வாசலில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயது வளர்ப்புத் தாய்மாரையும் பார்த்திருக்கிறேன். காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

சொத்துல பங்கு கேட்டு வந்திருக்காங்களா?

மாமன், சித்தப்பாமார் கேட்பது. நேரடியாகவே சொல்கிறேன்: நான் பார்த்த யாரும் அதற்காக வரவில்லை. இன்றைய சட்டப்படி தத்து முடிந்ததும் பிறந்த குடும்பத்தோடு சட்ட உறவு அறுந்து, வளர்த்த குடும்பத்தின் பிள்ளையாகிவிடுகிறார்கள். இரண்டாவது பதிலில் சொன்ன பழைய பாதுகாவலர் ஆணைகளில் சட்ட நிலை கொஞ்சம் சிக்கல், வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும். அந்தப் பயத்தால் ஒரு தாயின் இருப்பிடத்தை மறைக்காதீர்கள்.

அம்மா இருக்கிற ஊர் தெரிஞ்சிடுச்சு. நேரா வீட்டுக்குப் போயிடலாமா?

போகாதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெற்ற பிள்ளையாக இருந்தால், அந்த வீட்டில் கணவருக்கோ மற்ற பிள்ளைகளுக்கோ தெரிந்திருக்காது. ஒரு வெளிநாட்டுக் கார் தெருவில் வந்து நின்றால் அரை மணியில் ஊர் முழுக்கப் பேச்சு. அந்த வயதில் அவளுக்கு என்ன நேரும் என்று உங்களால் நினைத்துப் பார்க்க முடியாது. ஃபேஸ்புக்கில் போட்டோவோடு பெயர் போடுவதும் இதே கெடுதல்.

முதலில் ஒரு பெண் போக வேண்டும். சமூகப் பணியாளர், ஊர் நர்ஸ் போன்று வீட்டுக்குள் போய்ப் பேசுவது சந்தேகம் தராத ஒருவர். தனியாகப் பேச வாய்ப்பு கிடைத்த பிறகு, அந்த வருஷத்தைப் பற்றி மெல்லக் கேட்க வேண்டும். சந்திப்பை வெளியூரில், ஒரு கோயிலிலோ ஆஸ்பத்திரிக்கு வந்த சாக்கிலோ வைத்துக்கொள்ளலாம். முதல் சந்திப்பில் கேமரா வேண்டாம்.

பணம் பற்றியும் கேட்கிறார்கள். முதல் நாளே கத்தையாகக் கொடுக்காதீர்கள். உறவு அந்த இடத்திலேயே வேறாகிவிடும், சுற்றியிருப்பவர்களும் வந்துவிடுவார்கள். ஒரு சேலை, பழம், உங்கள் சிறு வயதுப் போட்டோக்கள் கொண்டுபோங்கள். போட்டோதான் அவள் பார்க்காத வருஷங்கள். அப்புறம் மருந்துக்கு, வீட்டு ஓட்டுக்கு என்று உதவி கேட்டால் அதைப் பேராசை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே சம்பாதிக்கும் பிள்ளையிடம் பெற்றவள் கேட்பது சகஜம். முடிந்ததைச் செய்யுங்கள், முடியாததை மென்மையாகச் சொல்லுங்கள்.

அவங்க "எனக்கு அப்படி ஒரு பிள்ளையே இல்லை"ன்னு சொல்லிட்டாங்க. பெத்த மனம் பித்துன்னு சொல்றது பொய்யா?

பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். மருமகள் கதவோரம் நிற்கும்போது எந்த அம்மாவும் ஒப்புக்கொள்ள மாட்டாள். வாய் இல்லை என்று சொல்லும்போதே கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். வற்புறுத்தாமல், ஒரு போன் நம்பரை மட்டும் அந்த நர்ஸ் போன்றவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். மாதங்கள் கழித்து அழைப்பு வந்தது உண்டு. வராமலே போனதும் உண்டு.

வராவிட்டால் அது உங்களை வேண்டாம் என்றதாக ஆகாது. ஒரு இருபது வயதுப் பெண்ணை அன்று இந்த ஊர் மிரட்டி வைத்தது, அந்த மிரட்டல் இன்னும் அவளை விடவில்லை. அதற்கு நாங்கள், இந்த ஊர்க்காரர்கள்தான் பொறுப்பு.

நான்தான் அந்த அம்மா. என் பிள்ளையை நான் தேடலாமா?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, கேட்கும்போது குரல் தழைந்துவிடும். ஏழாவதாகச் சொன்ன விதிமுறை பிள்ளை தேடுவதைப் பற்றித்தான் பேசுகிறது, பெற்றவள் தேடுவதற்கு அதில் வழி சொல்லவில்லை. இன்று குழந்தையை ஒப்படைப்பவர்களுக்கு மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு, அன்று அப்படி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஆனாலும் செய்யக்கூடியவை உண்டம்மா. பிள்ளையைக் கொடுத்த இல்லத்துக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். இல்லம் மூடியிருந்தால் மாவட்ட அலகுக்கு மட்டும். எழுதத் தெரியாவிட்டால் நம்பிக்கையான யாரையாவது எழுதச் சொல்லிக் கைநாட்டு வையுங்கள், இம்முறை எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லி முழுக்கக் கேட்ட பிறகு. பிள்ளை பிறந்த மாதம், ஆஸ்பத்திரி, உடம்பில் இருந்த மச்சம், நீங்கள் கூப்பிட்ட பெயர், உங்கள் இப்போதைய போன் நம்பர், வீட்டில் யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாது, எந்த நேரத்தில் கூப்பிடலாம் எல்லாம் அதில் இருக்கட்டும். என்றாவது பிள்ளை வந்து கோப்பைக் கேட்டால் அந்தக் கடிதமும் அதோடு சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும் என்று எழுதுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். முடிந்தால் டி.என்.ஏ. மாதிரியும் கொடுத்து வைக்கலாம், அதற்கு உதவ என்னைப் போல ஆட்கள் இருக்கிறோம், உங்களிடம் ஒரு பைசா வாங்க மாட்டோம். போன் நம்பர் மாறினால் மறுபடி போய் மாற்றி எழுதிவிட்டு வாருங்கள்.